சந்தைக்கு மாறும் நாட்டில் நேர்மையான வியாபாரம் எங்கே உடைகிறது?

#1 கணக்கன்

அரசே எல்லாவற்றையும் நடத்திய நாடுகள் சந்தைக்கு மாறியபோது வியாபார ஒழுக்கம் ஏன் கெட்டது என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் "பேராசை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பேராசை எந்த ஊரில் இல்லை? முதல் ஐந்து வருடத்தில் பெரும்பணம் எங்கே பிறந்தது என்று பாருங்கள். உற்பத்தியில் பிறந்தது கொஞ்சம்தான். ஒரே பொருளுக்கு இரண்டு விலை இருந்த இடத்தில்தான் பெரும்பகுதி.

சீனாவில் 1985ல் இரட்டை விலை முறை அதிகாரபூர்வமானது. ஒரே உருக்காலை, ஒரே கம்பி. திட்ட ஒதுக்கீட்டில் போகும் டன்னுக்கு அரசு விலை, அதற்கு மேல் உற்பத்தியாகும் டன்னுக்குச் சந்தை விலை. ஆலை கூடுதலாக உற்பத்தி செய்யட்டும் என்பது நோக்கம். அது நடக்கவும் செய்தது. ஆனால் எந்த டன் ஒதுக்கீடு, எந்த டன் உபரி என்று முடிவு செய்வது ஒரு அதிகாரியின் பேனா. கம்பி கிடங்கை விட்டு நகராது. ஒதுக்கீட்டுச் சீட்டு மட்டும் நாலு கை மாறும், ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். 1989 போராட்டத்துக்கு முன்பு மக்கள் எரிச்சலடைந்த விஷயங்களில் இதுவும் முக்கியமானது.

புலம்பல் வேண்டாம். எந்த இடத்தில், எந்தக் காகிதத்தில் நேர்மை உடைகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 வோல்கா

சோவியத் பக்கத்தில் இரண்டு விலையோடு இரண்டு வகை ரூபிளும் இருந்தது. தொழிற்சாலையின் வங்கிக் கணக்கில் இருந்த பணம் இன்னொரு தொழிற்சாலைக்குக் கொடுக்க மட்டும்தான். அதை எடுத்துச் சம்பளமாகக் கொடுக்க முடியாது. சம்பளத்துக்கான ரொக்கத்துக்குத் தனி உச்சவரம்பு. ஆகவே கணக்கில் கோடி இருந்தாலும் கையில் காசு இருக்காது.

1988 மே மாதக் கூட்டுறவுச் சட்டம் இந்தச் சுவரில் ஓட்டை போட்டது. கூட்டுறவு நிறுவனம் தன் கணக்கிலிருந்து ரொக்கம் எடுக்கலாம். இளைஞர் அறிவியல் மையங்களுக்கும் இதே மாதிரி சலுகை இருந்தது. அப்புறம் நடந்தது எளிது. தொழிற்சாலை ஒரு கூட்டுறவுக்கு "வடிவமைப்பு ஆலோசனை" என்று பணம் அனுப்பும். கூட்டுறவு அதை ரொக்கமாக எடுத்து, தன் பங்கைப் பிடித்துக்கொண்டு, மீதியை இயக்குநர் சொல்லும் ஆட்களுக்குக் கொடுக்கும். ஒப்பந்தம் இருக்கும், வேலை முடிந்த சான்று இருக்கும், முத்திரை இருக்கும். வேலை மட்டும் இருக்காது.

மூன்றாவது இடைவெளி ஏற்றுமதி. 1992 ஜனவரி 2ல் ரஷ்யாவில் விலைகளை அவிழ்த்துவிட்டபோது எண்ணெய் விலையைக் கட்டிப்போட்டே வைத்தார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் உள்நாட்டு எண்ணெய் விலை உலக விலையில் 1% அளவில்தான் இருந்தது. ஏற்றுமதி உரிமம் கிடைத்த நிறுவனத்துக்குத் தொழில் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. உரிமம் கொடுத்த கையெழுத்துக்குத்தான் மதிப்பு.

#3 மறுபக்கம்

இரண்டு பேரும் சுற்றி வளைத்து "அமைப்புதான் குற்றவாளி, ஆள் இல்லை" என்கிறீர்கள். அதை அவ்வளவு சுலபமாக விடமாட்டேன். இந்தப் பழக்கம் சந்தையோடு வந்ததா? 1980களின் உஸ்பெக் பருத்தி வழக்கு சந்தை வருவதற்கு முன்னால் நடந்தது. வயலில் விளையாத பருத்தி காகிதத்தில் விளைந்தது, ஆலைக்கு "வந்து சேர்ந்தது", மாஸ்கோ அதற்குப் பணமும் கொடுத்தது. எடைபோடுபவரிலிருந்து அமைச்சர் வரை கையெழுத்துப் போட்டார்கள்.

அதாவது சந்தை வந்தபோது மிகவும் தயாராக இருந்தவர் இரட்டைக் கணக்கு எழுதிப் பழகிய மேலாளர்தான். திட்டத்தை ஏமாற்றிய அதே கை பங்குதாரரை ஏமாற்றியது. "அரசாங்கச் சொத்து யாருடையதும் இல்லை" என்ற மனநிலை எந்த விலைச் சீர்திருத்தத்தாலும் ஒரே நாளில் போகாது.

#4 சட்டத்தரணி

மறுபக்கம் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குச் சட்டப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ரஷ்யக் குடியரசின் பழைய குற்றவியல் சட்டத்தில் 154வது பிரிவு லாபத்துக்காக வாங்கி விற்பதையே குற்றமாக வைத்திருந்தது. ஒரு ஊரில் வாங்கி இன்னொரு ஊரில் விற்றால் சிறை. அதே வேலை ஓரிரு வருடத்தில் "தனியார் முயற்சி" ஆகிவிட்டது. விற்பவனும் ஏமாற்றுபவனும் ஒரே பெட்டியில் இருந்ததால், பெட்டியைத் திறந்தபோது இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

இந்த நிலையில் "சட்டப்படி சரியா?" என்ற கேள்வி உதவாது. பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் எது தவறு என்று பார்ப்பது உதவும். எடையில் குறைப்பது, முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பாமல் இருப்பது இரண்டிலும் தவறு. இவற்றை மக்கள் உடனே அடையாளம் கண்டார்கள்.

அடையாளம் காணாமல் விட்டது இன்னொன்றை: ஒரே ஆள் பேரத்தின் இரண்டு பக்கத்திலும் உட்காருவது. திட்டப் பொருளாதாரத்தில் தொழிற்சாலை இயக்குநர் தன் மைத்துனர் ஆலையிலிருந்து உதிரிபாகம் வாங்கினால் அது சாமர்த்தியம். பாகம் கிடைப்பதே கஷ்டம், விலையோ அரசு நிர்ணயித்தது, யாருக்கும் நஷ்டமில்லை. விலையைத் தானே முடிவு செய்யும் நிலை வந்த பிறகு அதே செயல் திருட்டு. ஆள் மாறவில்லை, பழக்கம் மாறவில்லை, செயலின் விளைவு மாறிவிட்டது. கம்பெனிச் சட்டம் இதற்குப் பேர் வைப்பதற்குள் பல வருடம் போய்விட்டது. சீனாவின் கம்பெனிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1994 ஜூலையில். ரஷ்யாவின் பங்கு நிறுவனச் சட்டம் 1996 ஜனவரியில். தனியார்மயம் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது.

#5 கணக்கன்

சட்டத்தரணி சொன்ன இரண்டு பக்க பேரத்தை எண்ணில் போட்டுப் பார்ப்போம். விவாதம் காற்றில் நிற்கக் கூடாது.

ஒரு பொருளின் அடக்க விலை 80, அதில் மூலப்பொருள் 50. சந்தை விலை 120. நேர்மையாக நடந்தால் ஒரு பொருளுக்கு 40 லாபம். இயக்குநரின் பினாமி இரண்டு கம்பெனி தொடங்குகிறார். ஒன்று மூலப்பொருளை 50க்கு வாங்கித் தொழிற்சாலைக்கு 60க்குக் கொடுக்கிறது. இன்னொன்று தொழிற்சாலையிலிருந்து 84க்கு வாங்கி 120க்கு விற்கிறது. இப்போது தொழிற்சாலையின் அடக்கம் 90, விற்பனை 84. பொருளுக்கு 6 நஷ்டம். மாதம் 10,000 பொருள் என்றால் வெளியே போவது 4,60,000. புத்தகத்தில் தெரிவது 60,000 நஷ்டம் மட்டும். மூன்று வருடம் இப்படி ஓட்டினால் மதிப்பீட்டாளர் வந்து "நலிந்த தொழிற்சாலை" என்று எழுதிக்கொடுப்பார். அப்போது யார் ஏலத்தில் எடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

லாப நஷ்டக் கணக்கை மட்டும் புரட்டினால் இது அகப்படாது. பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் கேட் பாஸ், அதாவது சரக்கு வெளியே போகும்போது வாசலில் எழுதும் சீட்டு. லாரி எந்த முகவரிக்குப் போனது, பில் எந்தப் பெயருக்குப் போட்டது? இடைத்தரகருக்குக் கிடங்கே இருக்காது, ஆகவே சரக்கு நேராகக் கடைசி வாடிக்கையாளரிடம் போகும். பில் மட்டும் நடுவில் ஒரு பெயரில் நிற்கும். ஒரு மாத கேட் பாஸையும் பில்லையும் பக்கத்தில் வைத்தால் அரை நாளில் தெரிந்துவிடும். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து கடன் நாட்கள். மற்ற எல்லோரும் முன்பணம் கட்டும்போது ஒரே ஒரு வாங்குபவருக்கு 90, 120 நாள் தவணை என்றால், அதுவும் பணவீக்கம் பறக்கும் நாட்டில், அந்தத் தவணையே ஒரு பரிசு. மாதம் 10% விலை ஏறும்போது 120 நாள் கழித்து வரும் 100 ரூபாயின் மதிப்பு 68தான்.

மூன்றாவது, கெட்டுப்போனதாகக் கணக்கிலிருந்து நீக்கும் சரக்கு. காலாண்டு முடிவில் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு "தரக்குறைவு" என்று எழுதப்பட்டால், உடைந்த பொருள் எங்கே என்று கேளுங்கள். உண்மையான உடைப்பு ஏறி இறங்கும்.

இயந்திரக் குத்தகையையும் விடாதீர்கள். தேய்மானம் போக மதிப்பு ஒன்றுமில்லாமல் போன இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பெயரளவு வாடகைக்கு வெளியே கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் அதே கொட்டகையில், அதே மின்சாரத்தில். மின் மீட்டர் ஒன்றுதானா என்று பார்த்தால் போதும்.

#6 வோல்கா

மதிப்பீட்டைப் பற்றிப் பேசுவதால் ரஷ்யக் கூப்பன் கதையைச் சேர்த்துவிடுகிறேன்.

1992 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு குடிமகனுக்கும், அரசு ஆலைகளின் பங்கு வாங்க, 10,000 ரூபிள் முகமதிப்புள்ள கூப்பன். தனியார்மயமாகும் தொழிற்சாலைகள் தேர்ந்தெடுக்க மூன்று வழி இருந்தது. மிக அதிகமானவை இரண்டாம் வழியை எடுத்தன. அதன்படி ஊழியர்களும் நிர்வாகமும் சேர்ந்து 51% பங்கைப் புத்தக மதிப்பின் 1.7 மடங்கு விலைக்கு வாங்கலாம். 1.7 மடங்கு என்றால் கூடுதல் மாதிரி தோன்றும். அந்த ஒரே வருடத்தில் விலைவாசி 26 மடங்கு ஏறியது. புத்தக மதிப்பு அதைத் தொடரவில்லை. கிட்டத்தட்ட இலவசம்.

பங்கு தொழிலாளி பெயரில்தான் போனது. ஆனால் பங்குப் பதிவேடு இயக்குநரின் மேசை இழுப்பறையில் இருந்தது. தொழிலாளி வெளியாருக்கு விற்றால் பெயர் மாற்ற மறுப்பார்கள், "விற்றால் வேலை இல்லை" என்பார்கள். வெளியார் கதி அதைவிட மோசம். 1994ல் கிராஸ்னோயார்ஸ்க் அலுமினிய ஆலையில் வெளிநாட்டு முதலீட்டாளர் தரப்பு வைத்திருந்த, மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, பதிவேட்டிலிருந்து அப்படியே அழிக்கப்பட்டது. பங்குப் பத்திரம் காகிதமாகக் கையில் இல்லை; பதிவேட்டில் இருக்கும் வரிதான் சொத்து. வரி போனால் சொத்து போயிற்று.

500 பங்குதாரருக்கு மேல் இருந்தால் வெளிப் பதிவாளர்தான் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள். எழுதிய பிறகும் பல ஆலைகள் தங்களுக்கு வேண்டிய பதிவாளரையே தொடங்கிக்கொண்டன. பதிவாளர் நிறுவனத்தின் பங்குகள் யாரிடம் இருக்கின்றன என்று பார்க்காமல் "சுதந்திரமான பதிவாளர்" என்ற பெயரை நம்பினால் பயனில்லை.

#7 வெல்தாவா

செக் நாட்டில் கூப்பன் புத்தகம் சுமார் ஆயிரம் கொருனா (அந்த நாட்டுப் பணம்), பங்கு வாங்க அது கொடுத்தது ஆயிரம் புள்ளி. 1992 முதல் அலையில் மக்கள் தங்கள் புள்ளிகளில் 70%க்கு மேல் முதலீட்டு நிதிகளிடம் ஒப்படைத்தார்கள். காரணம் ஒரு விளம்பரம்: ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்துப் பத்து மடங்கு தருகிறோம் என்றது விக்டர் கோஜெனியின் ஹார்வர்ட் நிதி. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை.

சரி, நிதி மேலாளர் கையில் இருபது கம்பெனியின் பங்கு. சட்டம் ஒரு நிதிக்கு ஒரு கம்பெனியில் 20% உச்சவரம்பு வைத்திருந்தது. அதே மேலாளர் நாலைந்து நிதி நடத்தினால் வரம்பு எங்கே? பெரிய நிதிகள் பலவற்றை நடத்தியது வங்கிகள். அந்த வங்கிகளில் அரசுக்குப் பெரும்பங்கு. கடன் கொடுப்பதும் அதே வங்கி. உடைமையாளரும் கடன் கொடுத்தவரும் ஒரே வீட்டில் இருந்தால் நலிந்த ஆலையை யார் திவாலாக்குவார்? மேலாளர்கள் கம்பெனியின் நல்ல சொத்தைத் தங்கள் நிறுவனத்துக்கு மலிவாக விற்று, கடனை மட்டும் காலிக் கூடான பழைய கம்பெனியில் விட்டுவிட்டுப் போனார்கள். சிறு பங்குதாரர் கையில் மிஞ்சியது அந்தக் கூடு.

பங்குச் சந்தைக்குத் தனி ஆணையம் அங்கே வந்தது 1998ல். போலந்து வேறு வழியில் போனது: வார்சா சந்தை 1991 ஏப்ரலில் ஐந்தே ஐந்து கம்பெனியோடு தொடங்கியது, ஆணையமும் அதே வருடம். கணக்கை வெளியிடாத கம்பெனிக்கு இடமில்லை. செக் தலைநகர் பிராகாவின் சந்தையில் ஆயிரத்துக்கு மேல் பங்குகள் பட்டியலில் இருந்தன, பெரும்பாலானவற்றில் வியாபாரமே நடக்கவில்லை.

#8 மறுபக்கம்

போலந்தை ரொம்பப் புனிதமாக்காதீர்கள். ஆர்ட்-பி என்ற கம்பெனி செய்ததை மறந்துவிட்டீர்களா?

1990ல் பணவீக்கம் தலைதெறிக்க ஓடியது, வங்கி வட்டியும் கூடவே ஓடியது. ஆனால் வங்கிகளுக்கு இடையே காகிதம் தபாலில் போனது. காசோலை தீர நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். முதல் வங்கியில் பணம் போடு. வங்கி உறுதி செய்த காசோலை வாங்கு. இரண்டாவது வங்கியில் அதைக் கட்டு. அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். முதல் வங்கியிலும் காசோலை போய்ச் சேரும்வரை வட்டி ஓடுகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது, மூன்றாவதிலிருந்து நாலாவது. ஒரே பணத்துக்கு நாலு இடத்தில் வட்டி. 1991ல் நிறுவனர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள்.

கேள்வி இதுதான்: ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சட்டத்தை மீறினார்கள்? கணக்கனின் இரண்டு விலை, வோல்காவின் இரண்டு ரூபிள் எல்லாவற்றிலும் இதே சிக்கல். ஓட்டையைக் கண்டவன் நுழைவது வியாபாரமா, களவா?

#9 சட்டத்தரணி

நாலு வங்கியையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, "இதுதான் செய்யப்போகிறேன்" என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பார்களா? சம்மதிக்க மாட்டார்கள் என்றால், லாபம் முழுவதும் எதிராளியின் அறியாமையிலிருந்து வந்தது. விலை வித்தியாசத்தைப் பயன்படுத்தும் சாதாரண வியாபாரி இந்தச் சோதனையில் தேறுவார். "அங்கே மலிவு, இங்கே கிராக்கி" என்று வெளிப்படையாகச் சொன்னாலும் வாங்குபவர் வாங்குவார். ஒதுக்கீட்டுச் சீட்டு விற்றவர் தேறமாட்டார்.

மட்டுறுத்துநர்: நாடுகளின் பெயர்ப் பட்டியல் நீள்கிறது. தொழில் நடத்துபவர் கோணத்திலும் எழுதுங்கள்.

#10 புதுக்கடை

அதைத்தான் கேட்க வந்தேன். பெரிய ஆலை, ஏலம் எல்லாம் இருக்கட்டும். இப்படி மாறிக்கொண்டிருக்கும் ஒரு நாட்டில் நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறை. பக்கத்துப் பட்டறை பாதிச் சம்பளத்தைக் கவரில் கொடுக்கிறது, வரி மிச்சம், விலை குறைவு. ஆய்வாளர் மாதாமாதம் வருகிறார். நேர்மையாக இருந்தால் மூடவேண்டியதுதானா?

#11 கணக்கன்

கவர் சம்பளம் வெளியில் தெரிவது மாதிரி மலிவானது இல்லை. கவரில் போட ரொக்கம் வேண்டும். வங்கியில் இருக்கும் பணத்தை ரொக்கமாக்க, பில் இல்லாமல் விற்க வேண்டும் அல்லது போலி பில் வாங்க வேண்டும். போலி பில் கொடுப்பவர் கமிஷன் எடுப்பார். அந்த பில்லை வைத்து உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டியதாகக் காட்டும் வரியை) கழித்திருந்தால், அந்த ஆள் மாட்டும் நாளில் உங்கள் பெயர் அவர் பட்டியலில் இருக்கும். கணக்கெழுதுபவருக்கு எல்லாம் தெரியும், ஆகவே அவரை இனி வேலையை விட்டு நீக்க முடியாது. பில் இல்லாமல் விற்ற சரக்குக்கு வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் வழக்குப் போட முடியாது. வங்கி கடன் கேட்டால் காட்டப் புத்தகத்தில் லாபம் இருக்காது. ஊழியருக்கு நோய்க்கால ஊதியமும் ஓய்வூதியமும் புத்தகச் சம்பளத்தின் மேல்தான்.

இந்தச் செலவெல்லாம் சேர்த்த பிறகும் கொஞ்ச காலம் பக்கத்துப் பட்டறை விலையில் முந்தும். உண்மை அதுதான். ஆகவே அவர் விற்க முடியாத வாடிக்கையாளரைத் தேடுங்கள்: பில் கட்டாயம் வேண்டும் என்கிற, ஏற்றுமதி செய்கிற, தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனங்கள். விலையில் போட்டி போட்டால் தோல்விதான்.

ஏற்கெனவே கவரில் மாட்டியவர் ஒரே நாளில் வெளியே வர முயன்றால் கையிருப்பு தாங்காது. முதலில் எளிதில் வேறு வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகளின் முழுச் சம்பளத்தைப் புத்தகத்தில் ஏற்றுங்கள். பிறகு புதிதாகச் சேர்பவர் எல்லோருக்கும். பழையவர்களுக்குச் சம்பள உயர்வு வரும்போது உயர்வை மட்டும் புத்தகத்தில். கையில் வரும் தொகை குறையக் கூடாது. குறைந்தால் ஊழியரே எதிர்ப்பார்.

மாமூல் விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு உரிமை இல்லாததைப் பெறக் காசு கொடுப்பது ஒன்று. உரிமை உள்ளதை நிறுத்திவைத்துக் கேட்பது இன்னொன்று. இரண்டாவதில் ஆய்வாளரின் ஆயுதம் தாமதம்தான். ஒரு நாள் தாமதம் உங்களுக்கு எவ்வளவு செலவோ, அவ்வளவுதான் அவர் கேட்க முடியும். ஆகவே முதல் வேலை தாமதத்தை மலிவாக்குவது. சுங்கத்தில் நிற்கக்கூடிய உதிரிபாகம் ஆறு முதல் எட்டு வாரத்துக்குக் கையிருப்பு. உரிமப் புதுப்பித்தல் விண்ணப்பம் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்னால். டெலிவரித் தேதியை வாடிக்கையாளரிடம் சொல்லும்போதே அனுமதித் தாமதத்துக்கு இடம்.

ஆய்வாளர் வரும்போது தனியாகச் சந்திக்காதீர்கள், இரண்டு பேர். அவர் கேட்ட குறையை எந்த விதி எண் என்று கேட்டு எழுதி, அவர் முன்பே படித்துக் காட்டுங்கள். விதி எண் இல்லாத குறைகள் பாதி அங்கேயே உதிரும். கோபமாகப் பேச வேண்டியதில்லை, மரியாதையாகவே செய்யலாம்.

#12 ஆய்வுக்கூடம்

தரம் பற்றி யாரும் எழுதவில்லையே. சந்தைக்கு மாறும் காலத்தின் மோசமான உதாரணம் 2008ல் சீனாவின் சான்லு பால் மாவு. ஆறு குழந்தைகள் இறந்தன, கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன.

பால் வாங்கும்போது விலை புரதத்தின் மேல். புரதத்தை நேராக அளப்பதில்லை. கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து 6.38ஆல் பெருக்குகிறார்கள். மெலமைன் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் சேர்த்த பாலில் அது கலந்தால் கருவி "புரதம் சரி" என்று சொல்லும். குழந்தையின் சிறுநீரகத்தில் அது கல்லாகிறது.

ஏன் பிடிபடவில்லை? ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கும் ஆலைக்கும் நடுவில் தனியார் சேகரிப்பு நிலையங்கள். வளர்ச்சி வேகத்தில் ஆலைகள் பாலுக்காக அடித்துக்கொண்டன. ஒருவர் திருப்பி அனுப்பிய பாலை இன்னொருவர் வாங்கினார். சான்லுவுக்கு அரசுப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்கும் முத்திரை இருந்தது. முந்தைய வருடமே சீனக் கோதுமைப் புரதத்தில் மெலமைன் இருந்து அமெரிக்காவில் செல்லப் பிராணிகள் இறந்திருந்தன. எச்சரிக்கை கிடைக்காமல் இல்லை.

தடுப்பதற்கு விலை உயர்ந்த கருவி கட்டாயமில்லை. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் சேர்த்தால் உண்மையான புரதம் படிந்துவிடும். வடிகட்டி, மிஞ்சிய திரவத்தின் நைட்ரஜனை அளக்க வேண்டும். நல்ல பாலில் அது மொத்த நைட்ரஜனில் 5 அல்லது 6%தான். அது எகிறினால் புரதம் அல்லாத ஏதோ கலந்திருக்கிறது. என்ன என்று தெரியாவிட்டாலும் லாரியை நிறுத்தலாம். தண்ணீருக்கு உறைநிலை: பால் ஏறக்குறைய மைனஸ் 0.52 டிகிரியில் உறையும், தண்ணீர் கூடக்கூடச் சுழியை நெருங்கும். மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரை வைத்து ஒன்றை விற்பவரிடமே கொடுத்துவிட வேண்டும். தகராறு வந்தால் அதைத் திறக்கலாம்.

சான்லுவில் 43% பங்கு வைத்திருந்த நியூசிலாந்துப் பால் நிறுவனம் ஃபான்டெராவுக்கு ஆகஸ்ட் 2ல் விஷயம் தெரிந்தது. பொதுமக்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது செப்டம்பர் 11ல். நடுவில் பெய்ஜிங் ஒலிம்பிக். உள்ளூர் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டோம் என்பது அந்த ஐந்தரை வாரத்தில் பால் மாவு கரைத்துக் கொடுத்த தாய்க்கு என்ன பதில்?

#13 வெல்தாவா

இதோடு அல்பேனியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக. அரசு வங்கிகள் வாராக்கடனில் மூழ்கிக் கடன் கொடுப்பதை நிறுத்தின, தனியார் வட்டிக் கம்பெனிகள் அந்த இடத்தைப் பிடித்தன. 1996 நவம்பரில் ஜாஃபெரி என்ற நிறுவனம் மூன்று மாதத்தில் மூன்று மடங்கு என்றது. போட்டிக்கு சுடே இரண்டு மாதத்தில் இரண்டு மடங்கு என்றது. மொத்தக் கடன்பாடு 120 கோடி டாலர், நாட்டின் ஆண்டு உற்பத்தியில் பாதி அளவு. 1997ல் விழுந்தது, கலவரத்தில் ஏறத்தாழ 2,000 பேர் செத்தார்கள். மூடச் சொல்லும் அதிகாரம் 1996 வங்கிச் சட்டத்திலேயே மத்திய வங்கிக்குக் கிடைத்திருந்தது. பயன்படுத்த அரசு துணை நிற்கவில்லை.

#14 மறுபக்கம்

அதிகாரம் கையில் இருந்தும் பயன்படுத்தாததைப் பற்றிச் சொன்னீர்கள். அதிகாரத்தைக் கொடுத்தே தின்னவிட்டது ரஷ்யாவில் 1995ல் நடந்த "கடனுக்குப் பங்கு" ஏலம். பட்ஜெட்டில் ஓட்டை, வங்கிகள் ரஷ்ய அரசுக்குக் கடன் தரும், ஈடாகப் பெரிய நிறுவனங்களின் பங்கு. அரசு திருப்பிக் கட்டாவிட்டால் வங்கி அதை விற்கலாம். நோரில்ஸ்க் நிக்கலில் 38% பங்கு, தொடக்க விலை 17 கோடி டாலர், முடிந்த விலை 17 கோடியே 1 லட்சம். ஏலத்தை நடத்திய ஒனெக்சிம் வங்கியின் தரப்புதான் எடுத்தது. 35.5 கோடி சொன்ன போட்டியாளரைத் தகுதி இல்லை என்று தள்ளினார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. எல்லாம் ஜனாதிபதி ஆணைப்படி, அதாவது சட்டப்படி.

#15 சட்டத்தரணி

அந்த ஏலத்தைக் கெடுத்தது உறை திறந்த பிறகு தகுதி பார்த்தது. தகுதிச் சோதனை முழுவதும் விலை உறைக்கு முன்னால் முடிந்து, தேறியவர் பட்டியல் வெளியாகி, ஆட்சேபத்துக்கு இரண்டு வாரமாவது விட்டிருக்க வேண்டும். விலை தெரிந்த பிறகு யாரையும் தள்ளக் கூடாது; வைப்புத்தொகை கட்டியிருந்தால் போதும்.

ஏலம் நடத்துபவரோ அவரிடம் கணக்கு வைத்திருக்கும் இணை நிறுவனமோ கேட்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. தெரியாத விதி பணத்தின் மூலம் பற்றியது. அந்த வங்கிகளில் அரசின் சொந்த வைப்புப் பணமே கிடந்தது. ஏலத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் அரசுப் பணம் எந்த வங்கியில் எவ்வளவு என்று வெளியிட்டிருந்தால், யார் பணத்தில் யார் வாங்குகிறார் என்று ஊரே பார்த்திருக்கும்.

#16 புதுக்கடை

நாலு பங்காளிகள் உள்ள சின்னக் கம்பெனிக்கு, #5ல் சொன்ன இரண்டு பக்க பேரத்தைத் தடுக்க எளிய ஏற்பாடு உண்டா? ரஷ்யப் பங்கு நிறுவனச் சட்டத்தில் சொத்தின் 2%, 25% என்று வரம்பு இருந்ததாமே.

#17 கணக்கன்

ரஷ்யச் சட்டத்தில் அப்போது, நிர்வாகிக்கோ பெரிய பங்குதாரருக்கோ சொந்த அக்கறை உள்ள பேரம் சொத்தில் 2% தாண்டினால் அக்கறை இல்லாத பங்குதாரர் ஓட்டு வேண்டியிருந்தது; 25% முதல் 50% வரையான பெரிய பேரத்துக்கு இயக்குநர்கள் ஏகமனதாகச் சம்மதிக்க வேண்டியிருந்தது. வரம்பு இருந்ததும் எல்லோரும் 1.9% என்று துண்டு போட்டார்கள்.

உங்களுக்கு ஒரு பக்கப் படிவம் போதும். வருடம் இரண்டு தடவை ஒவ்வொரு பங்காளியும் தானும், கணவன் அல்லது மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார் வீட்டாரும் பங்கோ பதவியோ வைத்திருக்கும் நிறுவனங்களை எழுதிக் கையெழுத்திடட்டும். ஒன்றும் இல்லை என்றாலும் "இல்லை" என்று எழுத வேண்டும். வெற்றுத் தாள் வாங்காதீர்கள். பட்டியலில் உள்ள நிறுவனத்திடம் வாங்க மூன்று விலைப்புள்ளி. அந்தப் பங்காளி ஓட்டெடுப்பின்போது மட்டும் வெளியே போனால் போதாது, விலைப்புள்ளி உறை திறக்கும்போதே அறையில் இருக்கக் கூடாது.

துண்டு போடுவதைத் தடுக்க வரம்பை ஒரு பில்லுக்கு வைக்காமல், ஒரு நிறுவனத்துக்குக் கடந்த 12 மாதக் கூட்டுத்தொகைக்கு வையுங்கள். இணை நிறுவனங்களை ஒன்றாகக் கூட்டுங்கள். தாண்டிய அன்று அந்த ஒரு பில் மட்டுமல்ல, 12 மாதப் பட்டியல் முழுவதும் மற்ற மூவர் முன் வரட்டும்.

#18 மறுபக்கம்

நாலு பேருமே உறவினர் என்றால்?

#19 கணக்கன்

அப்படியானால் கேட் பாஸும் பில்லும் ஒத்துப்பார்ப்பதை வெளியாள் ஒருவரிடம் கொடுங்கள். ஒரு மாதக் காகிதத்துக்கு அரை நாள் வேலை. அவர் தேர்ந்தெடுக்கும் மாதம் எது என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது.